பிழைச் செய்தியே வராது, தரவு மட்டும் தப்பாக இருக்கும்: ஏற்காட்டுக்காக அறிவியல் தளங்களை ஸ்கிரேப் செய்தபோது பட்ட பாடு

என் மாமா பையனுக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. சேர்வராயன் மலையில் இதுவரை பதிவான செடி, பறவை, மழையளவு எல்லாவற்றையும் ஒரே அட்டவணையாக்கித் தரச் சொன்னான். பொது அறிவியல் தளங்களில் கொட்டிக் கிடப்பதை அள்ளிக் கோத்தால் போதும், அஸ்தம்பட்டியில் உட்கார்ந்து இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று வாய்விட்டேன். இரண்டு மாதம் இழுத்தது. அதில் சிவப்பு எழுத்தில் பிழை காட்டி நின்றவை எல்லாம் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டன. மிச்ச நாளெல்லாம், பிழையே காட்டாமல் தப்பான தரவைக் கொடுத்த இடங்களைத் துழாவுவதில் போனது. அதனால் சத்தம் போடுகிற கோளாறுகளைச் சீக்கிரம் தாண்டிவிட்டு, சத்தமில்லாதவற்றில்தான் நிற்கப்போகிறேன்.

நான் பயன்படுத்தியது பைத்தானும், இணையப் பக்கங்களிலிருந்து தரவை நிரலால் அள்ளுகிற, அதாவது ஸ்கிரேப் செய்கிற, ஸ்கிரேப்பியும். நீங்கள் ரிக்வெஸ்ட்ஸ், பியூட்டிஃபுல்சூப் மாதிரி வேறு கருவிகளை வைத்திருந்தாலும் கதை ஒன்றுதான். ஒரே ஒரு பழக்கம் மட்டும் முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள்: சர்வர் என்ன அனுப்பியதோ அதை அலசுவதற்கு முன்னால் அப்படியே ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள். கீழே சொல்லும் முக்கால்வாசிச் சோதனைகள் அந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பதுதான்.

பிரவுசரில் அட்டவணை தெரிகிறது, ஸ்கிரேப்பியில் காலி

சேமித்த கோப்பைத் திறந்து, திரையில் கண்ட ஒரு செடியின் பெயரை அதில் தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் அந்த அட்டவணை பக்கத்தின் மூலத்திலேயே இல்லை, ஜாவாஸ்கிரிப்ட் பின்னால் கொண்டுவந்து ஒட்டுகிறது. பக்கத்தில் எந்த இடத்தை எடுப்பது என்று சொல்லும் எக்ஸ்பாத்தை எத்தனை தடவை திருத்தினாலும் வராது. உடனே பிரவுசரையே நிரலால் இயக்கும் பிளேரைட், செலினியம் என்று ஓடவும் வேண்டாம். டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை ரீலோட் செய்தால், தரவு ஜேசன் என்ற எழுத்து வடிவத்தில் எந்த முகவரியிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். அதற்கும் முன்னால், அந்தத் தளத்துக்கு ஆவணப்படுத்திய ஏபிஐ, அதாவது நிரல் நேரடியாகத் தரவு கேட்கும் வழி, இருக்கிறதா என்று பாருங்கள். உலகெங்கும் உள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஜிபிஃப், பொதுமக்கள் தாங்கள் பார்த்த உயிரினங்களைப் பதிகிற ஐநேச்சுரலிஸ்ட், வானிலைத் தரவு தரும் நாசாவின் பவர் தளம், அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் நிலநடுக்கப் பட்டியல் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வரும்போது தொட்டிச் சுவரில் கசிவதைத் துணியில் ஒற்றிப் பிழிகிறவன் மாதிரி மூன்று நாள் நான் ஹெச்டிஎம்எல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

பெயர் கோப்பில் இருக்கிறது, ஆனாலும் காலி என்றால் நீங்கள் பிரவுசரிலிருந்து எக்ஸ்பாத்தை காப்பி செய்திருப்பீர்கள். டேபிளுக்குள் டிபாடி என்ற அடுக்கை மூலத்தில் யாரும் எழுதாவிட்டாலும் பிரவுசர் தானே சேர்த்துக்கொள்ளும். சர்வர் அனுப்பியதில் அது இல்லை. டிபாடியை வெட்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

வாய்ப்பாட்டில் கடைசி எண் காணோம்

காப்பிக் கணக்கோடு ஊர்ப் பாசத்தில் கனிமமும் எடுத்தேன். மலை ஏறுவதற்கு முன்னாலேயே வருகிற வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், மெக்னீசியம் கார்பனேட். அதன் வாய்ப்பாட்டில் கடைசியில் உள்ள 3 வரவில்லை. காரணம் எளிது: அந்த 3 கீழெழுத்துக்கான தனி டேக்குக்குள் இருக்கிறது, நான் முதல் டெக்ஸ்ட் துண்டை மட்டும் கேட்டிருக்கிறேன். அந்த உறுப்பின் எல்லாத் துண்டுகளையும் எடுத்து இணைத்தால் சரி. அறிவியல் பெயர்களிலும் இதே தொல்லை உண்டு, பேரினம் சாய்வெழுத்து டேக்குக்குள்ளேயும், பெயரிட்டவரின் பெயர் அதற்கு வெளியேயும் இருக்கும்.

403 வருகிறது, 429 வருகிறது

429 என்றால் வேகமாகக் கேட்கிறீர்கள். பதிலின் தலைப்பில் எத்தனை நொடி கழித்து வா என்று இருந்தால் அதன்படி நடங்கள், இல்லையென்றால் ஸ்கிரேப்பியில் வேகத்தைத் தானே குறைக்கும் ஆட்டோத்ராட்டிலைப் போட்டு, டவுன்லோட் டிலேயை ஒரு நொடிக்கு மேல் வையுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் நிமிடத்துக்கு 60 கோரிக்கைக்குள் இருக்கச் சொல்கிறது, அமெரிக்க வேதிப்பொருள் தளமான பப்கெம் நொடிக்கு 5க்கு மேல் வேண்டாம் என்கிறது. 403 என்றால் அனுமதி மறுக்கிறார்கள், முதலில் நிரல்கள் எதை எடுக்கலாம் என்று தளம் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பையும் விதிகளையும் படியுங்கள். படித்துவிட்டு, நிரல் தன்னை யார் என்று சொல்லிக்கொள்ளும் யூசர் ஏஜெண்டில் பிரவுசர் வேஷம் போடாமல், திட்டத்தின் பெயரும் உங்கள் மின்னஞ்சலும் போடுங்கள். எனக்கு இதைச் செய்தபின் ஒரு தளத்தின் நிர்வாகியே எழுதி, முழுத் தரவையும் சுருக்கிய கோப்பாக எங்கே இறக்கலாம் என்று காட்டினார்.

எண்ணிக்கை ரொம்ப அழகாக இருக்கிறது

சரியாக 20 வரி வந்தது. அல்லது சரியாக 300, அல்லது 10,000. இயற்கை இப்படி முழு எண்ணில் முளைக்காது, உடனே சந்தேகப்படுங்கள். ஜிபிஃபின் தேடல் ஏபிஐ, எத்தனை வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் 20 தரும். ஒரு தடவைக்கு 300க்கு மேல் தராது. இதில் வில்லங்கம் என்னவென்றால், 1000 கேட்டால் முடியாது என்று முகத்தில் அடித்துச் சொல்லாமல் 300 கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். நீங்கள் அடுத்த பக்கத்துக்கு 1000 தாண்டிப் போவீர்கள், நடுவில் 700 பதிவு போயே போச்சு, பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. பதிலிலேயே லிமிட், கவுண்ட் என்ற இரண்டு புலங்கள் வரும், அவற்றைப் படித்து, அதன்படி நகருங்கள். கடைசியில் உங்கள் வரிகளின் எண்ணிக்கையும் கவுண்டும் ஒன்றா என்று பாருங்கள், ஒரே ஒரு வரி நிரல்தான், நான் அதை எழுதாமல் விட்டதால் ஒரு வாரம் போச்சு.

தேடல் வழியில் மொத்தம் 1,00,000 வரைதான் போகவும் முடியும். அதற்கு மேல் வேண்டுமானால் கணக்கு ஒன்று தொடங்கி டவுன்லோட் கோரிக்கை கொடுங்கள், கோப்பு தயாரானதும் மின்னஞ்சல் வரும். அதோடு அந்தத் தரவின் நிலையான அடையாளமாக ஒரு டிஓஐ எண்ணும் கிடைக்கும், ஆய்வேடு எழுதுகிற மாணவர்களுக்கு மேற்கோள் காட்ட அதுதான் உதவும். ஐநேச்சுரலிஸ்டில் பக்கம் பக்கமாகப் போனால் 10,000 பதிவோடு நின்றுவிடும். ஐடி வரிசையில் அடுக்கச் சொல்லி, கடைசியாகப் பார்த்த ஐடிக்கு மேலே உள்ளதைக் கொடு என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

சேலம் என்று தேடினால் அமெரிக்கா வருகிறது

அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தின் தலைநகரே சேலம்தான், மாசசூசெட்ஸிலும் ஒரு சேலம் உண்டு. நாட்டின் குறியீட்டைப் போட்டு வடிகட்டினால் அது தீர்ந்துவிடும். தீராதது அடுத்தது.

செடியைக் காயவைத்து ஒட்டிய பழைய உலர்தாவரத் தாள்களில் சேலம் மாவட்டம் என்று எழுதியிருந்தால் அது இன்றைய சேலம் இல்லை. 1965இல் தருமபுரியும், 1997இல் நாமக்கல்லும் பிரிந்தன, 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆகவே 1965க்கு முந்திய தாளில் ‘சேலம் மாவட்டம்’ என்பது கொல்லிமலையாக இருக்கலாம், ஓசூராகக்கூட இருக்கலாம். மாநிலம் என்ற புலத்தில் தமிழ்நாடு என்று வடிகட்டினீர்களோ, 1969க்கு முந்திய தாள்களில் மெட்ராஸ் என்று மட்டும் இருப்பவை நழுவிவிடும் வாய்ப்பு உண்டு. மலையின் பெயரை ஆங்கிலத்தில் ஷெவராய், ஷெவராய்ஸ், ஷெர்வராயன், சேர்வராயன் என்று ஆளுக்கு ஒரு மாதிரி எழுதியிருக்கிறார்கள். ஒரே எழுத்துக்கூட்டில் தேடினால் கால்வாசிதான் கையில் வரும். நான் எல்லா வடிவங்களையும் ஒரு பட்டியலாக வைத்துத் தனித்தனியாகத் தேடி, பதிவு எண்ணை வைத்து இரட்டிப்பை நீக்கினேன்.

ஊர்ப் பெயரே வேண்டாம், வரைபடத்தில் ஒரு கட்டம் போட்டுக் கேட்போம் என்றால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஜிபிஃபில் பலகோணத்தின் மூலைகளைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கொடுக்க வேண்டும். கடிகாரத் திசையில் கொடுத்தால், கட்டத்தை விட்டுவிட்டு மீதி உலகம் முழுவதும் என்று பொருள் கொள்ளும். ஒரு மலைக்குக் கோடிக்கணக்கில் பதிவு இருப்பதாகக் காட்டினால் இதுதான் காரணம். தென்மேற்கில் தொடங்கி, தென்கிழக்கு, வடகிழக்கு, வடமேற்கு என்று சுற்றி, தொடங்கின மூலைக்கே வந்து முடியுங்கள். கட்டம் போட்டால், இடக்குறியீடு இல்லாத பழைய தாள்கள் எதுவும் வராது என்பதும் நினைவிருக்கட்டும். அதனால் பெயர்த் தேடல், கட்டத் தேடல் இரண்டும் வேண்டும்.

நம்ம மலையின் செடிக்கே பதிவு இல்லை

மலையின் பெயரையே தாங்கிய ஒரு மரம் உண்டு, வெர்னோனியா ஷெவராயென்சிஸ். அந்தப் பெயரை எழுத்தாகத் தேடி, வந்த பட்டியலைப் பார்த்து, இவ்வளவுதானா என்று நினைத்தேன். அதை இப்போது மோனோசிஸ் என்ற பேரினத்தில் வைக்கிறார்கள். ஒரு நிறுவனம் பழைய பெயரில் கொடுத்திருக்கும், இன்னொன்று புதுப் பெயரில் கொடுத்திருக்கும். எழுத்தாகத் தேடுவதை விட்டுவிட்டு, முதலில் பெயரைப் பொருத்துகிற ஏபிஐக்கு அனுப்பி, ஏற்கப்பட்ட பெயரின் எண்ணை வாங்கி, அந்த எண்ணால் பதிவுகளைக் கேளுங்கள், இணைப்பெயர்களும் சேர்ந்து வரும். பொருத்தம் எப்படி நடந்தது என்ற புலத்தையும் பாருங்கள். எழுத்துப் பிழை பெரிதாக இருந்தால், பேரினம் வரை மட்டும் பொருத்தி அந்தப் பேரினம் முழுவதன் எண்ணையும் கொடுத்துவிடக்கூடும். அப்போது ஒரு மரத்துக்குப் பதில் ஒரு காடே வந்து இறங்கும்.

புள்ளி கடலில் விழுகிறது

ஏற்காட்டின் இடக்குறியீடு தோராயமாக 11.78 வடக்கு, 78.21 கிழக்கு. இடங்களை எழுதுவதற்கான ஜியோஜேசன் வடிவத்தில் தீர்க்கரேகைதான் முதலில் வரும், அட்சரேகை அதற்கு அடுத்து. மாற்றிப் போட்டால் 78.21 வடக்கு, 11.78 கிழக்கு, அதாவது ஆர்க்டிக்கில் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் பக்கத்துக் கடல். நான் அனுப்பிய முதல் வரைபடத்தைப் பார்த்துவிட்டு மாமா பையன் போன் போட்டான்: “என்ன மாப்ள, நம்ம தோட்டத்துல பனிக்கரடியா?” தமிழ்நாட்டுத் தரவில் இதைச் சோதிப்பது சுலபம், அட்சரேகை 8க்கும் 14க்கும் நடுவில் இல்லாத வரி எல்லாமே தப்பு. சில நாடுகளில் இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் கண்டே பிடிக்க முடியாது, அந்த வகையில் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் விழுந்தால், காலிப் புலத்தை உங்கள் நிரல் 0 ஆக்கியிருக்கிறது. காலி காலியாகவே இருக்கட்டும்.

மலை மேல் இருக்க வேண்டியது சேலம் டவுனில் விழுந்தால் அது கோளாறே இல்லாமலும் இருக்கலாம். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் வேண்டுமென்றே மறைக்கும். 0.2 டிகிரிக்கு 0.2 டிகிரி கட்டத்துக்குள், அதாவது பக்கம் சுமார் 22 கிலோமீட்டர், எங்கேயாவது ஒரு புள்ளியை வைத்துவிடும். மலைக்கும் டவுனுக்கும் நேர்க்கோட்டில் அவ்வளவு தூரம்கூட இல்லை. மறைக்கப்பட்டது என்று காட்டும் புலம் ஒன்று உண்டு, அதைக் கட்டாயம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த வரிகளை வரைபடத்தில் போடாதீர்கள். அசல் இடத்தைக் கண்டுபிடிக்கச் சிலர் வழி தேடுகிறார்கள். சந்தன மரம் எங்கே நிற்கிறது என்று ஊருக்குச் சொன்னால் என்ன ஆகும் என்று இந்த மலைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒரே பறவை இரண்டு தடவை

இரண்டு தளத்திலிருந்து எடுத்துச் சேர்த்தால் எண்ணிக்கை ஊதுகிறதா? ஐநேச்சுரலிஸ்டில் ஆய்வுத் தரம் எட்டி, உரிமமும் இடம் கொடுக்கிற பதிவுகள் ஜிபிஃபுக்கும் போகின்றன. பறவை பார்ப்பவர்கள் பதிகிற இபேர்ட் தளத்தின் தரவும் அங்கே போகிறது. எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் ஒருவர் பார்த்த ஒரே இருவாச்சி இரண்டாகிவிடும். ஜிபிஃப் பதிவின் நிகழ்வு ஐடி புலத்தில் ஐநேச்சுரலிஸ்டின் முகவரியே இருக்கும், அதில் உள்ள எண்ணை வைத்து நீக்கலாம்.

எழுத்து குலைந்து வருகிறது

டிகிரிக் குறிக்கு முன்னால் தொப்பி வைத்த ஆங்கில எழுத்து ஒன்று வந்தால், யூடிஎஃப்-8ஐ வேறு குறியாக்கமாகப் படித்திருக்கிறீர்கள். படிக்கும்போது குறியாக்கத்தைச் சொல்லிவிட்டால் போதும்.

தமிழில்தான் நிஜமான தலைவலி. மாமா பையன் கொடுத்த கிராமப் பட்டியலில் கொட்டச்சேடு இருக்கிறது, இறக்கிய பட்டியலிலும் கொட்டச்சேடு இருக்கிறது, கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, ஆனால் சேர்த்தால் சேரவில்லை. ‘கொ’ என்பதை யூனிகோடில் இரண்டு வகையாக எழுதலாம்: ஒகரக் குறியை ஒரே எழுத்தாகப் போடலாம், அல்லது ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகப் போடலாம். திரையில் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சேர்த்தால் பொருந்தும். ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வையும் ‘ள’வையும் தட்டியிருந்தால் என்எஃப்சியும் காப்பாற்றாது, அதைக் கையால்தான் மாற்ற வேண்டும். பழைய தமிழ் பிடிஎஃபிலிருந்து எடுத்தது முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமான குப்பையாக வந்தால் அது பாமினி, டிஸ்கி மாதிரி யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக் குறியாக்கம். எது என்று கண்டுபிடித்து, அதற்கான மாற்றியில் போடுங்கள்.

எக்செலில் திறந்தால் மட்டும் தமிழ் குலைகிறது என்றால் கோப்பில் தப்பு இல்லை, சிஎஸ்வியை, தொடக்கத்திலேயே குறியாக்கத்தைக் காட்டும் பிஓஎம் உள்ள யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். எக்செல் இன்னொரு சேட்டையும் செய்யும், சேகரித்த மாதிரிகளின் எண்களைத் தேதியாக்கிவிடும். மார்ச், செப்டம்பர் மாதிரி தோன்றிய மனித மரபணுப் பெயர்களை அது தேதியாக்கியே தீர, 2020இல் பெயர் வைக்கும் குழுவே மரபணுக்களின் பெயரை மாற்றிக்கொண்டது. அந்தப் புலங்களை டெக்ஸ்டாகவே இறக்குமதி செய்யுங்கள்.

பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது

20 கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய்த் தோட்டத்து வீட்டில் லேப்டாப்பைத் திறந்தால் மழைக்குக் கரண்ட் போகும், பின்னாலேயே சிக்னலும் போகும். ஸ்கிரேப்பியில் ஜாப்டிர் என்று ஒரு கோப்புறையைக் கொடுத்துவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும், ஒழுங்காக நிறுத்தியிருந்தால். சட்டென்று அணைந்தால் நம்ப முடியாது, ஒவ்வொரு பதிவையும் உடனுக்குடன் ஒரு வரி ஜேசனாக எழுதிக்கொண்டே போங்கள்.

மழைக் கணக்கு ஒத்துவரவில்லை

கடைசியில் இதற்குத்தான் எல்லாம். காப்பி பூக்க மார்ச், ஏப்ரலில் மழை வேண்டும். பழைய வருடங்களில் அது எப்போது வந்தது என்பதுதான் அவன் கேட்டது. நாசா பவரில் 1981 முதல் தினசரித் தரவு இருக்கிறது, பதிவு செய்து வாங்கும் ஏபிஐ திறவுகோல் எதுவும் வேண்டியதில்லை.

மாதச் சராசரி எதிர்மறையாக வந்தால், தரவு இல்லாத நாளை -999 என்று குறித்திருப்பதை நீங்கள் மழையாகக் கூட்டியிருக்கிறீர்கள். கடைசிச் சில நாட்களுக்கு அது வருவது சாதாரணம். வெப்பநிலை ஏற்காட்டுக்குப் பொருந்தாமல் சூடாக வந்தால் சர்வர் தந்த தலைப்பைப் படியுங்கள், அதில் உயரம் இருக்கும், அது உங்கள் தோட்டத்தின் உயரம் இல்லை, 0.5க்கு 0.625 டிகிரி கட்டத்தின் சராசரி உயரம். அத்தனை பெரிய கட்டத்துக்குள் மலையும் சமவெளியும் கலந்துவிடும். சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்று வைத்தாலே எட்டு டிகிரி வித்தியாசம் வர வேண்டும். மழைக்கு அப்படித் திருத்தவும் முடியாது, மேகம் ஒரு சரிவில் கொட்டிவிட்டு மறு சரிவை விட்டுவிடும்.

ஒரு நாள் தள்ளித் தள்ளி வந்தால் இன்னொரு காரணம். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் ஒரு தேதியின் மழை என்பது அன்று காலை 8.30க்கு முடிந்த 24 மணி நேரத்து மழை. நேற்றுச் சாயங்காலம் பெய்தது இன்றைய தேதியில் நிற்கும். பவரோ நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. இரண்டையும் ஒரே தேதியில் பக்கத்தில் வைத்தால் சாயங்கால இடிமழை எல்லாமே தப்பாகத் தெரியும், நம்ம கோடை மழையோ பெரும்பாலும் சாயங்காலம்தான்.

இதையெல்லாம் திருத்தி, தோட்டத்து மழைமானிக் கணக்கோடு வைத்துப் பார்த்தேன். தாத்தா காலத்து நோட்டுகள், தினம் காலையில் அளந்து எழுதியவை. ஒரு ஏப்ரல் தேதியில் 120 என்று இருக்கிறது, பவரில் 28 மில்லிமீட்டர்தான் இருக்கிறது. அரை நாள் நிரலைக் குடைந்தேன். பிறகு மாமாதான் பார்த்துவிட்டு, அது செண்ட் கணக்குடா, இஞ்சில் நூற்றில் ஒரு பங்கு என்றார். 120 செண்ட் என்றால் 30.5 மில்லிமீட்டர். அந்த நோட்டுகளை எடுக்க எந்தக் கருவியும் இல்லை, பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக் கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது 1987 வரை வந்திருக்கிறது.